பேக்கரிப் பொட்டியில் ஒரு யானை

– தப்பா நெனச்சுக்காதீங்க சஃபியாக்கா, இது யானைங்களா?

– இல்ல அம்மணி. உங்க மாமனாரைப் பாத்துச் செஞ்சேன்.

– ஐயோ, வெளிய கேட்டுறப் போகுதுங்க. காது, தும்பிக்கை எல்லாம் யானையாட்டத்தானுங்க இருக்குது. இந்தப் பக்கமிருந்து பாத்தாத்தான் கொஞ்சம் பன்னியாட்டத் தெரியுது.

– அந்தப் பக்கமிருந்து பாக்காத. பொறந்ததுல இருந்து அந்தப் பேரைக்கூட வாயில சொல்லாதவ நான். உன் மவன் பொறந்த நாளுக்கு அதையே கையால பிடிச்சு வெச்சிருக்கேன்னு எங்க ஊட்டுக்காரர் காலையில சிரிச்சுட்டே பட்டறைக்குப் போனார்.

– யாகூப் அண்ணனுங்களா சிரிச்சாங்க? அவங்க சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்களே.

– என் கேக்கைப் பாத்தா மட்டும் சிரிப்பார். இந்தப் பித்தளைக் கூம்பு இருக்குது பாரு, க்ரீம் பிழியறது, அவர் லேத்துல கடைஞ்சு குடுத்ததுதான். பம்பு செட்டுக்குப் பாகம் கடையற மனுசன். யானைக்கு நெகம் போடறதுக்குக் கூம்பு கேட்டா, எத்தனை மில்லிமீட்டர் நெகம்னு கேக்கறார்.

– நெறம்தானுங்கக்கா ஒரு மாதிரி சிமெண்ட்டாட்ட இருக்குது.

– சாம்பல் கலர் எந்தக் கடையில விக்குதுன்னு சொல்லு, வாங்கியாறேன். கோகோப் பொடியையும் நீலக் கலரையும் கலந்தேன். நீலம் எச்சாப்போச்சு. அதுக்கு வெள்ளை சேத்தேன், வெள்ளை எச்சாப்போச்சு. இப்படியே மாத்தி மாத்தி ஊத்தி ஒரு போசி க்ரீம் ஆகிப்போச்சு. மிச்சத்தைக் கொண்டுபோய் உங்க காம்பவுண்டுச் செவுத்துக்குப் பூசிக்க.

– உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டேனுங்க.

– ரோசாப்பூக் கேட்டிருந்தா அரை மணி நேரத்துல முடிச்சிருப்பேன். மொத வருசம் முயல் கேட்டீங்க, சரி. அப்புறம் ரயிலு. போன வருசம் கடியாரம், முள்ளுக்குப் பதிலா வெச்ச பிஸ்கட்டை வம்சி வெட்டறதுக்கு முந்தியே தின்னுபோட்டான். இந்த வருசம் ஐயாவுக்கு யானைதான் வேணுமாம்.

– தொண்டாமுத்தூர்த் தோப்புல பாத்துப்போட்டானுங்கக்கா. போன மாசம் யானை வந்து நாப்பது தென்னம்புள்ளையைச் சாச்சுப்போட்டுப் போயிருச்சு. மாமா தலையில கையை வெச்சுட்டு உக்காந்திருக்கார். இவன் என்னடான்னா, 'தாத்தா, மறுபடி எப்ப வரும்'னு கேக்கறான்.

– நல்ல பேரன். தாத்தா தோப்பை அழிச்சுட்டுப் போனதுக்குக் கேக்கு வெட்டிக் கொண்டாடறான். அந்தத் திராட்சையில ரெண்டு எடு, கண்ணு வெக்கோணும். ஏன் சாயி, வந்ததுல இருந்து பின்னால பொடக்காலிப் பக்கமே திரும்பித் திரும்பிப் பாத்துட்டு நிக்கற?

– ஒண்ணுமில்லீங்க.

– முன்னெல்லாம் முன்வாசல்ல நின்னு 'அக்கா'ன்னு கூப்பிட்டீன்னா நாலு ஊட்டுக்குக் கேக்கும். இன்னைக்குப் பின்பக்கமா, செருப்பைக் கையில புடிச்சுட்டு வர்ற. திருடனாக்கும்னு நான் சட்டுவத்தைத் தூக்கிட்டேன்.

– முன்னால ஒரே சேறுங்க.

– ஆமா ஆமா. ஆடிக் காத்துல கொடியில ஒரு துணி நிக்கமாட்டேங்குது, மழையைக் கண்ணுல பாத்து மாசமாச்சு. உன் செருப்புக்கு மட்டும் எங்கிருந்தோ சேறு வந்துருக்குது.

– அக்கா, உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது.

– விசயத்தைக் கேட்டுட்டுத்தான் கோவிச்சுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன். அந்தப் பையில என்ன?

– பொட்டிங்க. கேக்கு வெக்கறதுக்கு.

– ரோட்டு மேல இருக்கற பேக்கரியோட பேரு போட்டிருக்குது. அங்க போயி எதுக்குப் பொட்டி வாங்குன?

– வெறும் பொட்டி தரமாட்டேன்னுட்டானுங்க. ஒரு டசன் பப்ஸ் வாங்குனதுக்கு அப்புறம்தான் குடுத்தான்.

– கிறுக்கா உனக்கு? ஆறு வருசமா என்ன பண்றோம்? தாம்பாளத்துல வெச்சு, மேல வெள்ளைத் துணியைப் போட்டு நான் தூக்கிட்டு வாரேன், நீ முன்னால போயிக் கேட்டைத் தொறக்கற, வீதிப் புள்ளைகெல்லாம் பின்னாலயே வருது. பொட்டிக்குள்ள வெச்சு மூடினா ஆரு பாப்பாங்க?

– இந்த வருசம் மட்டும், பேக்கரியில வாங்குனதாட்ட இருந்தா நல்லா இருக்குமுங்க.

– ஆருக்கு நல்லா இருக்கும்?

– அது வந்துங்க...

– அந்தத் திராட்சையைக் கீழ வை, நசுக்கிட்டே நிக்கற. ஆருக்கு நல்லா இருக்கும்னு கேட்டேன்.

– எனக்கில்லீங்கக்கா, சத்தியமா. அத்தைதானுங்க.

– பங்காரம்மாவா?

– ஆமாங்க. இந்த வருசம் சஃபியா ஊட்டுக் கேக்கு வேண்டாம்னுட்டாங்க. பிப்ரவரியில ஊருக்குள்ள குண்டு வெடிச்சதுல இருந்து ஒறம்பரை, சொந்தக்காரங்கெல்லாம் ஒரு மாதிரி பேசறாங்கல்லங்க. பெருந்துறையில இருந்து நாத்தனார் வர்றாங்க. அவங்க ஊட்டுக்காரர் வாயி உங்களுக்குத் தெரியும். கூடவே எஸ்டேட்டுல பேக்டரி வெச்சிருக்கறவங்க நாலு குடும்பம் வருது. எல்லாம் பெரிய எடமுங்க. ஆராவது ஒருத்தர் கேக்கு எங்க செஞ்சதுன்னு கேட்டு, நான் சொல்லி, அவங்க தட்டைத் தொடாம வெச்சுட்டுப் போனா, பொறந்த நாளும் அதுவுமா பையன் மொகம் வாடிப்போயிருமுங்க.

– அதுக்குப் பதிலா என் மொகம் வாடினாப் பரவாயில்லை.

– அப்பிடிச் சொல்லாதீங்கக்கா.

– நான் எங்க சொன்னேன், நீ கொண்டாந்த பொட்டி சொல்லுது. சாயி, பிப்ரவரி வரைக்கும் மாசத்துக்கு ஆறு கேக்கு செஞ்சுட்டு இருந்தேன். அப்புறம் பாத்தா இந்தக் கணபதி ஏரியாவுல இருக்கற புள்ளைகளுக்கெல்லாம் ஒண்ணா சளி புடிச்சுப்போச்சு. மிச்சம் இருந்த புள்ளைகளுக்குப் பல்லு சொத்தையாயிருச்சு. மூணாவது வீதி டீச்சரம்மா இருக்கறாங்களே, அவங்க பொண்ணுக்கு இந்த வருசம் பொறந்த நாளே வரலையாமா. காலண்டரையே நிறுத்திப்போட்டாங்க.

– எனக்குத் தெரியாதுங்களா. அதனாலதானுங்க பேக்கரிக்குப் போயிறாம உங்ககிட்டயே வந்தேன்.

– ஏன், பேக்கரிக்காரன் யானை செய்யத் தெரியாதுன்னுட்டானா?

– ரோசாப்பூ வேணும்னா வெச்சுத் தர்றேன்னானுங்க.

– பாத்தியா. மொதல்ல அங்கதான் போயிருக்கற.

– வம்சி அழுதே போட்டானுங்கக்கா. சஃபியா அத்தை செய்யற கேக்குன்னாத்தான் வெட்டுவேன்னு ஒரே ரவுசு.

– நீ வந்து யானை வேணும்னப்ப எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? அஞ்சு மாசமா அட்டாலியில கெடந்த ஓவனை எறக்கித் தொடைச்சேன். சர்க்கரை சலிக்கறப்ப பாட்டு வேற பாடிட்டு இருந்தேன். இந்த யானையைத் தாம்பாளத்துல தூக்கிட்டு வீதியில நடந்தாப் போதும், நாலு புள்ளைக பாத்துட்டுப் போயி அழுகும், நாலு அம்மாமாருக்குச் சளியும் சொத்தைப் பல்லும் மறந்துபோகும், மறுபடி ஓவன் சூடாகும்னு நெனச்சேன். யானையைப் பொட்டிக்குள்ள ஒளிச்சுத் தூக்கிட்டுப் போவன்னு நெனக்கலை.

– அடுத்த வருசம் எல்லாம் சரியாப்போயிருமுங்க.

– அதுக்குள்ள எல்லாப் புள்ளைகளுக்கும் பல்லு வேற மொளச்சிருக்கும். எனக்கு உங்க அத்தையைத்தான் வெளங்கலை. குண்டு வெடிச்சப்ப ஊரடங்கு போட்டு ஆரும் தலை வெளிய காட்டலை. நாங்க மூணு பேரும் கட்டிலுக்கடியில கெடந்தோம், எம்மவ ரம்ஷாவுக்குப் பால் இல்லை. செவுத்துக்கு மேல சொம்பை நீட்டினது உங்க அத்தைதான். 'ஏனம்மிணி, உசுரோட இருக்கறீங்களா'ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. அந்தப் பொம்பளை இப்ப என் கையில செஞ்சது வேண்டாங்கறாங்க.

– மனுசங்க மாறீர்றாங்கல்லங்க. நாலு பேரு நாலு சொன்னாக் கேட்டுக்கிட்டு.

– மாறித்தான் போச்சு. பத்து நாளைக்கு முந்தி ரேசன் கடையில பாத்தேன். 'நல்லா இருக்கறீங்களாம்மா'ன்னேன். சக்கரைப் பையைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. சீமெண்ணெய் வரிசையில நின்னவங்க அத்தனை பேரும் என்னையே பாத்தாங்க. ஊட்டுக்கு வந்து ஒலை வெச்சவ அரிசி போட மறந்து தண்ணியவே கொதிக்க உட்டுட்டு இருந்திருக்கேன். அப்பவும் பாரு, அவங்க வேற எதோ யோசனையில இருந்திருப்பாங்கன்னுதான் நெனச்சேன்.

– நீங்க இதையெல்லாம் அத்தைகிட்டக் கேட்டுப்போடாதீங்கக்கா. பொறவு எனக்குத்தான் பிரச்சினை.

– போயிக் கேக்கறதா? எனக்கு மானத்தை ரேசன்லயா குடுக்கறாங்க?

– கூம்பைக் கோவத்துல அமுக்காதீங்கக்கா, யானைக்கு மீசை வந்துருச்சு.

– இருக்கட்டும். உங்க நாத்தனார் ஊட்டுக்காரர் சாடையில இருந்தா அவருக்காவது திங்க மனசு வரும். சரி, பொட்டியைத் தொற.

– சம்மதமுங்களாக்கா?

– பொழுதோட மெழுகுவத்தி ஏத்தோணும். ஒரு பச்சைப்புள்ளை யானை கேட்டிருக்குது. பெரியவங்க எங்களுக்குள்ள என்ன இருந்தா அதுக்கென்ன. தொற.

– இன்னொண்ணுங்கக்கா. யானைக்கு அடியில பச்சைக் கலர்ல தேங்காய்த் துருவல் போட்டிருக்கீங்கல்லங்க.

– புல்லு. ஆறு வருசமாப் போடறது.

– அதானுங்க. பச்சைத் தேங்காயைப் பாத்தாலே சஃபியா கேக்குன்னு வீதிக்கே தெரிஞ்சுருமுங்க. பேக்கரியில அதெல்லாம் போடமாட்டாங்க.

– புல்லை எடுக்கோணும்.

– எடுத்துட்டா நல்லதுங்க.

– அப்ப யானை எதைத் திங்கும்? நீ வாங்குன பப்ஸையா? சரி, இந்தா, வழிச்சுப்போட்டேன். அப்புறம்?

– பேரு எழுதறப்ப கடைசி எழுத்துல வாலாட்டச் சுழிச்சு ஒரு பூ வெப்பீங்கல்லங்க. அதுவும் வேண்டாமுங்க.

– புல்லு வேண்டாம், பூவு வேண்டாம். அப்புறம்?

– பொட்டி மூடமாட்டேங்குதுங்க. தும்பிக்கை இடிக்குது.

– ஓகோ.

– லேசா வளைச்சு உள்ள தள்ளிப் பாக்கலாமுங்களா?

– கேக்கும்மா அது. ரப்பர் டியூப் இல்லை. வளைச்சா உடைஞ்சு போகும்.

– அப்ப ஒரு நாலு விரக்கடை மட்டும் வெட்டிட்டா?

– வெட்டலாமே. தும்பிக்கையை வெட்டிட்டா, நீ வந்ததும் ஒரு பேரைச் சொன்னியே, அந்தப் பிராணிதான் மிஞ்சும். அதைச் சாயபு ஊட்டுல செஞ்சாங்கன்னு பெருந்துறையில ஒருத்தரும் சந்தேகப்படமாட்டாங்க. எனக்கு இது தோணாமப் போச்சு பாரு. இந்தா கத்தி.

– நானுங்களா?

– பின்ன, செஞ்சவளே வெட்டோணுமா?

– எங்க வெட்டறதுன்னே தெரியலீங்கக்கா.

– நிதானமா வெட்டு, அவசரமில்லை. ஆமா சாயி, கேக்குக்குப் பொட்டி கொண்டாந்துட்ட. என் மவளை எதுக்குள்ள வெச்சுத் தூக்கிட்டுப் போவ?

– அக்கா...

– காலையில இருந்து ரோஸ் கவுனைப் போட்டுட்டு உக்காரமாட்டேங்கறா, மடிப்புக் கலைஞ்சு போகுமாமா. கலர்ப் பென்சில் டப்பா ஒண்ணுக்குச் சாக்லேட் காயிதம் ஒட்டி வெச்சிருக்கறா வம்சிக்குக் குடுக்கறதுக்கு. கூப்பிட ஆரும் வரலையே கண்ணுன்னேன். 'என்னைக் கூப்பிடோணுமாக்கும், நான் எப்பவும் போறவதான'ங்கறா. கேக்குன்னா மேல பேக்கரிப் பேரைப் போட்டு மூடிக்கலாம். ரம்ஷாவை என்ன பேரு சொல்லி அனுப்பறது?

– நாளைக்கு வரச் சொல்லுங்கக்கா. அவளுக்குன்னு ஒரு பீஸ் எடுத்து வெக்கறேன். பெரிய பீஸா.

– அவங்கம்மா செஞ்ச கேக்குல அவளுக்கு ஒரு பீஸு. அதுவும் நாளைக்கு. பொடக்காலி வழியா. உனக்குப் பெரிய மனசு சாயி.

– குத்திப் பேசாதீங்கக்கா. நான் என்ன பண்ணட்டும்? நான் அந்த ஊட்டுக்கு வாழ வந்தவ. அத்தை ஒரு வார்த்தை சொல்லிட்டா அதுக்கு மேல அங்க பேச்சே இல்லீங்க. மாமாவே எதுத்துப் பேசமாட்டார். அப்பிடியும் உங்களுக்காக எவ்வளவு மன்றாடுனேன்னு தெரியுங்களா?

– எனக்காக மன்றாடுனியா?

– அழுதே போட்டேனுங்க. 'அக்கா பாவம் அத்தை, அவங்க கை தொட்டாத்தான் வம்சிக்குப் பொறந்த நாளே'ன்னு சொன்னேன். காது குடுத்துக் கேட்டாத்தானுங்களே.

– சரி, அதுக்கு இப்ப எதுக்குக் கண்ணைக் கசக்கற? கேக்குல உப்பு உழுந்தறப் போகுது. உன் நெலமை எனக்குத் தெரியாம இல்லை. உன்னைச் சொல்லி என்ன பண்றது, நீ நடுவுல மாட்டிக்கிட்ட. எனக்கு இருக்கற கோவமெல்லாம் அந்தம்மா மேலதான். மொகத்தைத் தொடைச்சுக்க.

– உங்களை உட்டா எனக்கு ஆருங்கக்கா இருக்கறாங்க?

– சஃபியா. ஏனம்மிணி சஃபியா. ஊட்டுல இருக்கறயா?

– ஐயோ அக்கா, அத்தை குரலுங்க.

– ஆமா, முன்வாசல்ல நிக்கறாங்க. அவங்களுக்கு மட்டும் சேறு தெரியலையாட்ட இருக்குது.

– நான் இங்க இருக்கறது தெரிஞ்சா அவ்வளவுதானுங்க. சொல்லிப்போடாதீங்க. இந்த ரூம்புக் கதவுக்குப் பின்னால நின்னுக்கறேன். கேக்கை மூடுங்கக்கா, சீக்கிரம்.

– நான் யானையை எங்கன்னு போயி மூடுவேன்? அந்தக் கத்தியைக் கீழ வெச்சுட்டுப் போ. சத்தம் போடாம நில்லு. வாரேனுங்கம்மா, வாரேன்.

– கதவைத் தொறக்க எத்தனை நேரம்?

– கையெல்லாம் க்ரீமா இருந்துச்சுங்க. உள்ள வாங்கன்னு கூப்பிடலாமுங்களா, இல்ல ஆராவது பாத்துருவாங்களா?

– ஆரு பாத்தா எனக்கென்ன? உள்ள வர்ற மாதிரியா நீ வெச்சிருக்கற? இங்கயே நின்னு சொல்லிப்போட்டுப் போயிர்றேன்.

– நானுங்களா வெச்சேன்? ரேசன் கடையில மொகத்தைத் திருப்பிக்கிட்டது நானுங்களா?

– பின்ன என்ன பண்ணச் சொல்ற? உன் மொகத்தைப் பாத்ததும் எனக்கு அந்தப் பால் சொம்பு ஞாபகம் வந்துருச்சு. சக்கரை வாங்கப் போன எடத்துல நின்னு அழுகச் சொல்றயா?

– நல்லா இருக்குதுங்கம்மா. அடிக்கறதும் நீங்க, அழுகறதும் நீங்களா?

– வாய் குடுத்து உங்கிட்ட ஆரு மீள முடியும்? நான் சண்டைக்கு வரலை அம்மணி. எம்பட பேரன் காலையில இருந்து ஒரு வாய் சாப்புடலை. பேக்கரியில இருந்து ஏதோ யானை வருதாமா, சஃபியா அத்தை செய்யாத யானை எனக்கு வேண்டாங்கறான். 'அவ்வா, ரம்ஷா ஏன் இன்னும் வரலை'ன்னு கேட்டுக் கேட்டு என் உசுரை எடுக்கறான். அவனுக்கு நான் என்னன்னு சொல்றது?

– நீங்க சொன்னதையே அவங்கிட்டயும் சொல்லீருங்க.

– நான் என்ன சொன்னேன்?

– அதையும் எம்பட வாயாலயே சொல்லோணுங்களா?

– தேவுடா, என்ன பேச்சு பேசற. சித்த நேரம் எகத்தாளத்தை உட்டுப்போட்டு நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு, நான் பாட்டுக்குப் போயிர்றேன். இனிமே உங்க ஆளுகளுக்குக் கேக்குப் பண்ணமாட்டேன், எம்புள்ளையையும் அந்த ஊட்டு வாசப்படி மிதிக்க உடமாட்டேன்னு நீ சொல்லியுட்டதாச் சாய்ப்ரியா அழுதுட்டே வந்து சொன்னாளே, அன்னையில இருந்து எனக்குச் சோறு எறங்கலை. அப்பிடி உனக்கு நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டேன் சஃபியா?